திரும்பாத புறாக்களின் பக்கங்கள்

“புறாவுக்கெல்லாமா சாஃப்ட்வேர் எழுதுவாங்க? அடுத்து கொசுவுக்கா?” என்று அண்ணன் ஒருமுறை கேட்டான்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றவள் நான். அவனுடைய செல்போன் ரிப்பேர் கடையின் பின்னறையில், யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வாங்கவே வராத கம்ப்யூட்டரில் நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். புரிந்ததை நோட்டில் எழுதி, பழைய சார்ஜர் பெட்டிக்குள் ஒளித்துவைப்பேன்.

பெரிய கம்பெனியில் என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? பூட்டு சேகரிப்பவர்கள், வண்ணமீன் வளர்ப்பவர்கள், பந்தயப் புறாக்காரர்கள் என்று யாரும் கண்டுகொள்ளாதவர்களுக்காக எழுதினேன். புறாவுக்கு எழுதியதுதான் ஓடியது. நாற்பது பேர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு புறாவுக்கும் ஒரு பக்கம்: கால் வளையத்தின் எண், தாய் தகப்பன், பறந்த நேரம். கீழே இடம் மிச்சமிருந்ததால், குறிப்பெழுத ஒரு கட்டம்.

பந்தயத்துக்குப் போகும் புறாக்களில் பல வீடு திரும்பாது. “பட்டியல் பூரா காணாமப்போனதுங்கதாம்மா. இருக்கறதைத் தேடவே முடியல” என்று அலுத்துக்கொண்டார்கள். ஓராண்டாகியும் வராத புறாவின் பக்கம் தானாக அழியும்படி மாற்றி, எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஏற்றிக்கொடுத்தேன். சேமித்துவைத்த நகலிலிருந்தும் அழியும். எல்லோரும் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் வாரம், அந்த நாற்பது பேரில் ஒருவரான வெல்டிங்காரர் தன் கம்ப்யூட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சில மாதங்களுக்கு முன் காய்ச்சலில் மகளைப் பறிகொடுத்தவர்.

“சாம்பல் புறாவோட பக்கத்தைக் காணோம்மா. எங்க போட்டேன்னு தெரியல. கொஞ்சம் எடுத்துக் குடு.”

அண்ணன் சிரித்தான். “புறாவே வரல, பக்கம் எதுக்குண்ணே? வேற குஞ்சு வாங்கி விடுங்க.”

“புறாவை யாருப்பா கேட்டா? அதுல எம்பொண்ணு எழுதுவா. அது காணாமப்போன பிறகும் தினம் எழுதினா. ‘மழையில எங்க ஒதுங்கின? இன்னைக்கு அப்பா திட்டினாரு, நீ இருந்தா உங்கிட்ட சொல்லியிருப்பேன்.’ இப்படி நாலு வரி ஞாபகம் இருக்கு. மிச்சத்தை அதுலயே பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.”

அண்ணன் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினான்.

மதியம்வரை தேடினேன். அவர் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்கில் அவள் எழுத்து இருந்த இடத்தில் இந்தப் பருவத்துக் குஞ்சுகளின் எண்கள் ஏறி உட்கார்ந்திருந்தன.

“மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு” என்று அண்ணன் காதோரம் முணுமுணுத்தான். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது அந்தப் பொய்.

“மிஷின் நல்லாத்தாண்ணே இருக்கு. நான்தான் அழியற மாதிரி எழுதினேன். அந்தக் கட்டத்துல யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு ஒருதடவைகூடப் பாக்கல. இனிமே அது வராதுண்ணே” என்று வெல்டிங்காரரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சிக்கில்லாமல் சுருட்டி, பெட்டியின் மேல் வைத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.