ரோல் முடிக்க எடுத்த படங்கள்

டென்சில் எடுத்த புலி நல்ல புலி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாகரஹொளெ காட்டில் மூன்று நாள் ஜீப்பில் முதுகு ஒடிய உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வந்ததைத் தலை குனிந்த கணத்தில் பிடித்திருந்தான். மீசையில் தொங்கிய நீர்த்துளிகூடத் தெரிந்தது. ஏஜென்சிக்காரர் ஸ்ரீகண்டன் அந்தப் படத்தின் ஃபிலிம் ஸ்லைடை, அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸின்மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் ஒரு நிமிஷம் பார்த்தார். "பிரமாதம்" என்றார். சொல்லிவிட்டு, திருப்பி அனுப்ப வேண்டிய கவரில் போட்டார்.

"நம்மகிட்ட ஏற்கெனவே நாப்பது புலி தூங்கிட்டிருக்கு, ஜூடித். வருஷத்துக்கு ரெண்டு பேர் கேக்கறாங்க. இதை வெச்சு நான் என்ன பண்ண?"

பக்கத்தில் நின்ற ஜூடித் கவரை ஒட்டினாள். புலியை எடுத்தவன் அவள் கணவன். அது ஸ்ரீகண்டனுக்குத் தெரியாது. அவருடைய ஏஜென்சியில் படங்களைப் பெயரில்லாமல் நம்பர் போட்டுத்தான் தேர்வுக்கு வைப்பார்கள். டென்சிலின் நம்பர் அறுபத்தொன்று.

கன்னிங்ஹாம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்த ஏஜென்சி. ஊரிலுள்ள புகைப்படக்காரர்கள் ஸ்லைடுகளைக் கொண்டுவந்து கொடுத்து வைப்பார்கள். விளம்பரக் கம்பெனிகளும் பத்திரிகைகளும் தங்களுக்கு வேண்டிய படத்தைக் கேட்டு, வாடகை மாதிரி ஒரு தொகை கட்டி, உபயோகித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஸ்லைடுகளை வகை பிரித்து இரும்பு அலமாரியில் அடுக்குவதும், ஃபாக்ஸில் வரும் ஆர்டருக்குத் தேடி எடுத்துக் கொடுப்பதும் ஜூடித்தின் வேலை. ஒன்பது வருஷமாக அதைச் செய்கிறாள். உலகத்துக்கு என்ன படம் வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

உலகத்துக்குப் புலி வேண்டாம். ஹம்பி கல்தேர் வேண்டாம், சூரியாஸ்தமனம் வேண்டவே வேண்டாம். "சாவி பிடித்த கை, யாருடையதானாலும் சரி." "பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண், முகம் பாதி தெரிந்தால் போதும்." "மழையில் குடையோடு நடப்பவர், பின்பக்கமிருந்து. இடப்பக்கம் காலியாக இருக்கட்டும், எழுத்துப் போட வேண்டும்." இப்படித்தான் நாள் முழுக்க ஃபாக்ஸ் வரும். எழுத்தைப் போடப்போகிறவன் விளம்பரக்காரன். அவன் எண்ணெய் விற்பானோ இன்ஷூரன்ஸ் விற்பானோ, படம் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். புலி இருக்கிற இடத்தில் புலிதான் பேசும்.

இதை அவள் டென்சிலிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

"சாவி பிடிச்ச கையை எவன் வேணா எடுப்பான். அதுக்கு நான் எதுக்கு?" என்பான் அவன். அந்த ரோஷத்தைப் பார்த்துத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். இப்போது அதே ரோஷம் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏனென்றால் அந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், டென்சில் பதினெட்டு வருஷம் பார்த்த ஃபேக்டரி வேலையை விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு விட்டிருந்தான். முழுநேரமும் படம் எடுக்கப் போகிறேன் என்றான். மஸ்கட்டில் இருந்த அவன் அண்ணன் நீல், அங்கே ஒரு கோடவுனில் ஸ்டோர்கீப்பர் வேலை பார்த்து வைத்துவிட்டு, வா வா என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் டென்சிலே ஒரு கெடு வைத்தான். ஏஜென்சி வருஷா வருஷம் போடும் கேட்டலாக்கில் இந்தத் தடவை தன் படம் ஒன்றாவது வர வேண்டும். வந்தால் இங்கே இருப்பான். வராவிட்டால் ஜனவரியில் மஸ்கட்.

ஜூடித்துக்குப் பயமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நிஜமாகவே பயமாக இருந்தது. அவள் அக்கா யூனிஸின் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு என்றுதான் வளைகுடாவுக்குப் போனார். பதினோரு வருஷம் கழித்து வந்தபோது, தன் வீட்டிலேயே சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கிற விருந்தாளியாக வந்தார். யூனிஸும் விருந்தாளிக்குக் கொடுப்பது போலவே காபி கொடுத்தாள்.

திரும்பி வந்த புலியை டென்சிலிடம் காட்டாமல் ஒளித்துவைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பிரேசர் டவுன் வீட்டுக்கு வந்த ஜூடித், அலமாரிமேல் இருந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கினாள்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்லைடு ரோலில் முப்பத்தாறு படம். காட்டுக்கோ கோயிலுக்கோ போய்விட்டு வருகிறவனிடம் கடைசியில் மூன்று நான்கு மிஞ்சியிருக்கும். அதைக் காலியாக லேபுக்குக் கொடுக்க டென்சிலுக்கு மனசு வராது. அடுத்த பயணம்வரை காத்திருக்கவும் பொறுமை கிடையாது. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், எதிரே என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து டக் டக்கென்று அழுத்தி ரோலை முடித்துவிடுவான். ஃபிலிம் வைத்துப் பிழைத்த எல்லோரும் செய்ததுதான். கழுவி வந்ததும் வால் பக்கத்துப் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டின்னில் எறிவான்.

எதிரே இருந்தது பெரும்பாலும் ஜூடித்.

துணி உலர்த்துகிற ஜூடித். வாசல் பூட்டில் சாவியைத் திருகுகிற கை. குடையை உதறுகிற முதுகு. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்காரியாகப் பார்த்தபோது கலைந்த தலையும் சாயம்போன நைட்டியும்தான் தெரிந்தன. அலமாரிக்காரியாகப் பார்த்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு படத்தில் அடுப்புக்கு முன்னால், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பால் பொங்கக் காத்திருக்கிறாள். முகம் பாதி திரும்பியிருக்கிறது. வெள்ளையடிப்பதற்காகக் காலண்டரைக் கழற்றியிருந்ததால் இடப்பக்கச் சுவர் மொத்தமும் காலி. வருஷம் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, மதம் தெரியவில்லை. எந்த எழுத்தை வேண்டுமானாலும் போடலாம்.

பதினோரு ஸ்லைடுகளைப் பொறுக்கி, அறுபத்தொன்று என்று நம்பர் எழுதி, மறுநாள் ஸ்ரீகண்டனின் மேஜைமேல் வைத்தாள். டென்சிலிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டான்.

ஸ்ரீகண்டன் அதில் ஏழு படங்களை எடுத்துக்கொண்டார்.

"யாரிது அறுபத்தொண்ணு? புலிக்காரர்தானே? திடீர்னு புத்தி வந்துடுச்சா?" பால் படத்தின்மேல் வெகு நேரம் குனிந்திருந்தார். "இந்த லேடியைப் பாருங்க. யாரா வேணா இருக்கலாம். யார் பாத்தாலும் நம்ம வீட்டு மனுஷின்னு தோணும். இதான் வேணும். படத்தைப் போட அவங்க சம்மதக் கையெழுத்து வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு சார்" என்றாள் ஜூடித். அவளே போட்ட கையெழுத்துதான். அந்த லேடி அவருக்கு இரண்டடி தூரத்தில், அதே மூக்கும் முழியுமாக நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக முகத்தைப் பார்த்துக் குட்மார்னிங் சொல்கிறவர். அடையாளம் தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, எங்கேயோ சுருக்கென்றும் இருந்தது.

ஏழு படங்கள் தேர்வாகியிருக்கின்றன என்று டிசம்பரில் கடிதம் போனது. எந்த ஏழு என்று அதில் இல்லை. டென்சில் கடிதத்தை மூன்று தடவை படித்தான், நீலுக்குப் போன் போட்டான், கிறிஸ்துமஸுக்கு வழக்கத்தைவிடப் பெரிய கேக்காக வாங்கிவந்தான். "புலிதான் முதல்ல இருக்கும் பாரு" என்றான். ஜூடித் கேக்கை வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டாள். அது அவள் தப்புதான்.

பிப்ரவரியில் கேட்டலாக் வந்தது. டென்சில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். மிருகங்கள் பக்கத்தில் நிறுத்தி இரண்டு தரம் தேடினான். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் பால் அடுப்பைப் பார்த்ததும் விரல் நின்றது.

"இது நம்ம கிச்சன்."

"ஆமா."

"நான் எடுத்ததா இது?"

"நீங்கதான். ரோல் முடிக்க எடுத்தது. டின்லருந்து நான் எடுத்துக் குடுத்தேன்."

அவன் கேட்டலாக்கை மூடினான். கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"ஏழும் அதானா? நாப்பது ரோல் எடுத்தேன் ஜூடி. வெயில்ல, குளிர்ல, நாள்கணக்கா நின்னு எடுத்தேன். நான் பாத்து எடுத்தது ஒண்ணுகூட அவங்களுக்கு ஆகலையா?"

ஜூடித் சமாதானம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"நாப்பது ரோல்ல நீங்க பாத்து எடுத்தது ஒண்ணுலயாவது நான் இருக்கேனா?"

இரண்டு பேருமே அதை எதிர்பார்க்கவில்லை. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். அழுதபடியே குழம்பைத் தாளித்தாள், வேறு யார் தாளிப்பார்கள்?

நான்கு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அதற்குள் ஆபீசில் பால் படம் பிய்த்துக்கொண்டு போனது. சமையல் எண்ணெய்க்காரர்கள் எடுத்தார்கள். அதில் அவள் சந்தோஷமான குடும்பத்தலைவி. ஒரு இன்ஷூரன்ஸ் நோட்டீஸில் கணவனை இழந்து கலங்குகிறவள். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காரர்களுக்கு நோயாளி. அதே கை, அதே இடுப்பு, அதே பால். ஸ்ரீகண்டன் ஆட்களை வைத்து ஆர்டர் எழுதாத குறை. அறுபத்தொன்று இதே மாதிரி இன்னும் எடுத்துத் தருவாரா என்று தினமும் கேட்டார்.

ஐந்தாம் நாள் டென்சில் வாயைத் திறந்தான்.

"நீல்கிட்டப் பேசினேன். மார்ச் கடைசிவரைக்கும் அந்த வேலை இருக்காம். கண்ணை மூடிட்டு எடுத்தாத்தான் பொழைப்புன்னா, அந்தப் பொழைப்பு எனக்கு வேணாம். இன்னும் ஒரே ஒரு படம் குடுக்கறேன். நான் பாத்து எடுத்தது. அதை எடுத்துக்கிட்டாங்கன்னா இருக்கேன். இல்லைன்னா போறேன்."

"என்ன படம்?"

"ஜன்னல்கிட்ட வந்து உக்காரு."

காமிராவில் புது ரோல். முப்பத்தாறும் முழுசாக இருந்தது. ஜூடித் முதலில் புடவை மாற்றுகிறேன் என்றாள், அவன் வேண்டாம் என்றான். தலையைச் சரி செய்தாள், அதையும் வேண்டாம் என்றான். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தான். வெட்கப்பட்டாள், முறைத்தாள், இடுப்பு வலிக்கிறது என்று திட்டினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் ஜூலியா, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பயந்து போனாள். நடுவில் அவன் காமிராவை இறக்கிவிட்டு, எழுந்து வந்து அவள் முகவாயைத் தொட்டான்.

"இந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?"

"ஏழு வயசுல. கல்யாணத்தன்னிக்கும் இருந்துச்சு."

அவன் திரும்பிப் போய்க் காமிராவை எடுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையை அப்போதுதான் பிடித்திருக்க வேண்டும். ரோல் கழுவி வந்ததும், முப்பத்தாறில் அந்த ஒன்றை மட்டும் கவரில் போட்டு, தானே நம்பர் எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் ஸ்ரீகண்டன் லைட் பாக்ஸைப் போட்டார். ஜூடித் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த ஸ்லைடுக்கு அவர் பூதக்கண்ணாடியே வைக்கவில்லை.

"அட, இது நம்ம ஜூடித்!"

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். ஏதோ கோபம், ஏதோ சிரிப்பு, கண்ணில் ரொம்ப நாளாகச் சொல்லாத ஒரு வார்த்தை. தழும்பு தெளிவாகத் தெரிந்தது.

"அறுபத்தொண்ணு உங்க வீட்டுக்காரரா?" என்றார் மெதுவாக. அவள் தலையாட்டினாள். "நல்ல படம்மா. ரொம்ப நல்ல படம். ஆனா இதுல எண்ணெயும் விக்க முடியாது, மாத்திரையும் விக்க முடியாது. இது நீங்க மட்டும்தான். வேற யாராவும் ஆக மாட்டேங்குது." கவரை அவளிடமே நீட்டினார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் கோல்ஸ் பார்க் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, அவளுக்குச் சந்தோஷமா துக்கமா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு பொய் சொன்னால் அவன் இருந்துவிடுவான். ஒரு தடவை மறைத்துப் பட்டது போதும் என்று தோன்றியது. கவரை அப்படியே அவன் கையில் கொடுத்தாள்.

"திருப்பிட்டாங்களா?"

"திருப்பிட்டாங்க."

அவன் முகம் விழுந்ததைப் பார்த்து அவள் அவசரமாகச் சொன்னாள்: "இருங்க, முழுசாக் கேளுங்க. பால் படத்தை வெச்சப்ப நான் பக்கத்துலயே நிக்கறேன், அவருக்கு என்னைத் தெரியலை. யாரா வேணா இருக்கலாம்னாரு. இதைப் பாத்ததும், லென்ஸ்கூட வெக்கலை, ஜூடித்னு கத்திட்டாரு. இது நான் மட்டும்தானாம். அதனாலதான் யாருக்கும் ஆகாதாம்."

டென்சில் ஸ்லைடை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, போன் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். என்ன பேசப் போகிறான் என்று சொல்லவில்லை. அவளால் வீட்டில் நிற்க முடியவில்லை. பின்னாலேயே போனாள்.

தெருமுனை எஸ்டிடி-ஐஎஸ்டி டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கதவு ஒழுங்காகச் சாத்தாது. வெளியே நின்ற ஜூடித்துக்கு அவன் கத்திப் பேசுவது நன்றாகவே கேட்டது.

"அண்ணே, அந்த வேலையை வேற யாருக்காவது குடுத்துருங்க. நான் வரலை... ஆமா, இங்கயே இருக்கேன். சாவி, குடை, பால்னு கேக்கறாங்க, எடுத்துக் குடுத்துப் பொழைச்சுக்கறேன்... இல்லண்ணே, பைத்தியம் புடிக்கலை. ஒரு படம் நல்லா வந்துருக்கு. ஜூடியை எடுத்தேன்..."

அந்தப் பக்கம் நீல் ஏதோ கேட்டான்.

"இல்லண்ணே," என்றான் டென்சில். "அது விக்கலை."