மழைக்கு அம்பு போடாத படம்

உலகத்தில் கணக்குக்குள் அடங்காத பொருள் கிடையாது, அடங்காவிட்டால் அது பொருளே அல்ல என்று கணக்கு வாத்தியார் ஒன்பதாம் வகுப்பில் அறிவித்தபோது, அவர் தலைக்கு மேலே, மின்விசிறிக்கும் கூரைக்கும் நடுவில், ஒரு மேகம் நின்றுகொண்டிருந்தது. அது வந்த விதம் எளியது. சுற்றுச்சூழல் பாடத்துக்கு வாரத்தில் ஒரே பீரியட். அதிலும் பாதியை, போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. அன்று சுற்றுச்சூழல் டீச்சர் கரும்பலகையில் நீர்ச்சுழற்சிப் படம் போட்டுக்கொண்டிருந்தார். கடல், சூரியன், கடலிலிருந்து மேலேறும் அம்பு, மேகம் வரை வந்தாயிற்று. மழைக்கான அம்பை இழுப்பதற்குள் வாத்தியார் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். டீச்சர் படத்தைச் சுற்றிக் கட்டம் கட்டி, 'அழிக்காதே' என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவருக்குப் பிரசவ விடுப்பு.

வகுப்பு மொத்தமும் படத்தை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டது. பலகையில் இல்லாததை எழுதினால் மார்க் போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அன்றுமுதல் வகுப்பில் தண்ணீர் மேலே மட்டும் போய், கூரையடியில் மேகமாகக் கூடியது. மூடி திறக்காத பாட்டில்கள் காலியாயின. கடைசி பெஞ்சுக்காரன் திட்டு வாங்கி அழுதபோது கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் நெற்றி வழியாக ஏறிப்போனது. யாருக்கும் தெரியாமல் அழ முடிகிறதே என்று அவனுக்குத் திருப்தி. தலைமையாசிரியர் வந்து பார்த்து, பாடம் கெடாதவரை மேகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் வகுப்பின் மீன்கள் இருந்தன. அவற்றைக் கவனிக்கவென்று ஒரு லீடர் உண்டு, அதிகம் பேசாத பெண். அவள் ஊற்ற ஊற்றத் தண்ணீர் மேலேறியது. தொட்டியை வராந்தாவில் வைத்தாலும், தண்ணீர் கதவு வழியாக வரிசையில் உள்ளே வந்து மேகத்தில் சேர்ந்துகொண்டது. கடைசியில் மீன்கள் முதுகு வெளியே தெரிய ஒருக்களித்துக் கிடந்தன.

"சார், ஒரே ஒரு அம்பு. நான் போட்டுடட்டுமா?"

"பொம்மை போடுற பாடம்மா அது. அதுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்? டீச்சர் வந்து போடுவாங்க."

"டீச்சர் வர ஆறு மாசம் ஆகும் சார். இதுங்க அதுவரைக்கும் இருக்காது."

வழக்கமாக அவர் ஜோக்குக்குச் சிரிக்கும் முன்வரிசை அன்று சிரிக்கவில்லை. வாத்தியார் பழக்க தோஷத்தில் அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார்: மீதித் தண்ணீர், குறையும் வேகம், மீன்கள் உயிரோடிருக்கும் நேரம். விடையாக வந்த நேரம் அன்றைய கடைசி மணிக்கு முன்பே முடிந்துபோனது. அவர் கணக்கு என்றைக்கும் தப்பியதில்லை. விடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்கேலை எடுத்து, கட்டத்துக்குள் வைத்து, மேகத்திலிருந்து கடலுக்கு ஓர் அம்பு இழுத்தார்.

முதல் துளி அவர் வழுக்கையில் விழுந்தது. அடுத்து வகுப்பு முழுக்கப் பெய்தது. சாக்பீஸ் தூசு நனைந்து புதுமண் வாசம் எழுந்தது, நோட்டுகளில் மை ஓடியது, யாரும் மூடவில்லை. படித்துப் படித்து மனப்பாடமான மழை இத்தனை குளிராக இருக்கும் என்று பாடத்தில் எங்கும் இல்லை. தொட்டியில் மீன்கள் மெல்ல நிமிர்ந்தன.

வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வகுப்பில், சுற்றுச்சூழல் பீரியட் வரும் வெள்ளிக்கிழமைதோறும் மழை. பிள்ளைகள் குடையோடு வருகிறார்கள். அந்தப் பீரியட்டை யாரும் கடன் கேட்பதில்லை. அது பொம்மை போடுற பாடம்தான் என்று வாத்தியார் இன்றும் சொல்கிறார். ஒவ்வொரு மழையும் அந்த ஓர் அம்பை மட்டும் கரைத்துவிடுகிறது. அடுத்த வெள்ளி காலையில் பிள்ளைகள் வருமுன் அவர் வந்து, ஸ்கேலை வைத்து அதைப் புதிதாக இழுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போகிறார்.