ஆளில்லாத சலவைக் கம்பெனி

கொழுந்தன் படம் வரைந்தான். அண்ணி நிரல் எழுதினாள். இருவரும் சேர்ந்து உருவாக்கிய கணினி விளையாட்டில், ஆடுகிறவர்தான் சலவைக் கம்பெனி முதலாளி. மெஷின் வாங்கலாம், ஆள் சேர்க்கலாம், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்க ஒப்பந்தம் பிடிக்கலாம். வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. எர்லி ஆக்சஸ் என்று முன்கூட்டியே விற்பனைக்கு விட்டு, ஆடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டு மீதியைச் செய்வதாகத் திட்டம்.

காலையில் வெளியிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினிகள், நடுவே ஆறிப்போன டீ. முதலில் வந்த பாராட்டைக் கொழுந்தன் உரக்கப் படித்தான். அடுத்ததைப் படிக்காமல் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"சேவ் பண்ணிட்டுத் திரும்பத் திறந்தா கம்பெனியே காணோம். குப்பை. வாங்காதீங்க."

"ஒருத்தர்தானே," என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொன்று வந்தது. பிறகு மளமளவென்று வந்தன.

இதே மேசையில் மாதக்கணக்காக ஆடிப் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை.

"அண்ணி, இந்த விமர்சனத்தையெல்லாம் இப்போதைக்கு மறைச்சு வெச்சிடலாமா?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா? அதுக்குள்ள இன்னும் எத்தனை பேரோட ஆட்டம் போகும்!"

தவறு எங்களுடையது, ஆட்டத்தை மூடாமல் வைத்திருங்கள், பணம் திரும்ப வேண்டுமானால் தயங்காமல் கேளுங்கள் என்று முகப்பிலேயே எழுதிப் போட்டாள். 'குப்பை' என்றவருக்குத் தனியாக எழுதி, அவர் சேவ் செய்த ஆட்டத்தின் கோப்பைக் கேட்டாள். 

"திட்டினவர்கிட்டயே கேக்கறீங்களே!"

"கம்பெனி போச்சேன்னு வயிறெரிஞ்சுதானே திட்டறார். அவர்தான் அனுப்புவார்."

பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் வரத் தொடங்கினார்கள். ஆபீஸிலிருந்து அவள் கணவன் கூப்பிட்டான். "எப்படிப் போகுது?"

"அப்புறம் பேசறேங்க," என்று வைத்துவிட்டாள்.

கோப்பு வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லாமல். திறந்து பார்த்தாள். மெஷின்கள், ஒப்பந்தங்கள், கையிருப்பு எல்லாம் பத்திரமாக இருந்தன. வேலையாட்கள்தான் ஒருவர்கூட இல்லை. தானியங்கி மெஷின்களை வாங்கிய கையோடு அந்த முதலாளி எல்லோரையும் நீக்கியிருந்தார். ஆட்டத்தைத் திறக்கும்போது நிரல் முதல் வேலையாளைத் தேடும். ஆள் இல்லையென்றால் கம்பெனியே இல்லை என்று கைவிரித்துவிடும்.

"நாம இதைப் பாக்கவே இல்லையா?"

"நாமதான் யாரையும் நிறுத்தினதே இல்லையே."

அவர்கள் இரண்டு பேரையும் ஒரே ஆபீஸில், ஒரே நாளில், ஓர் அறைக்குக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. கம்பெனி என்றால் வேண்டுமே என்று 'நீக்கு' பொத்தானை வைத்தார்களே தவிர, அதன்மேல் கை போகவில்லை.

திருத்தம் இரண்டு வரிதான். சோதித்துப் பார்ப்பதுதான் பாடாக இருந்தது.

"நீங்களே அழுத்துங்க அண்ணி. எல்லா மூஞ்சியும் நான் வரைஞ்சது."

ஒவ்வொருவராக நீக்கினாள். திரையில் கண்ணாடி போட்ட வேலையாள் கடைசியாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் தாண்டியபோது, கொழுந்தன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். சேவ் செய்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வெறிச்சோடிய கூடத்தில் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இருக்கு!"

திருத்தியதை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, 'குப்பை' என்றவர் எழுதினார்: "கம்பெனி வந்துடுச்சு. ஆனா விமர்சனத்தை மாத்தமாட்டேன். துணி காய ரொம்ப நேரம் ஆகுது."

கொழுந்தன்தான் முதலில் சிரித்தான். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரியாத்தான் சொல்றார்," என்று உலர்த்தும் மெஷினின் நிரலைத் திறந்தாள்.