முதுகுக்குப் பின்னால் வருகிறவள்

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுமலதா அந்தச் செங்கல் நிற ஓடுதளத்தை வலது காலால் ஓங்கி மிதித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி மிதித்தாள். பழைய மெத்தையில் குதித்ததுபோல, தரை மிதியை உள்ளே வாங்கிக்கொண்டதே தவிர ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

"ஊமப் பள்ளிக்கூடம் வந்துருச்சுடி" என்றாள், பக்கத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த வேறு பள்ளிப் பெண் ஒருத்தி.

"அதுங்களுக்குக் கழுத்தும் திரும்பாதாம்" என்றாள் இன்னொருத்தி.

மற்ற வருடங்களில் சுமலதா இதற்குச் சிரித்திருப்பாள். ஜெயித்து முடித்துவிட்டு, போகிற போக்கில் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டியும் இருப்பாள். இன்று தன் காலடித் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வருடம்தான் மாவட்டப் போட்டியைக் கிருஷ்ணகிரியைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியின் புது மைதானத்தில் வைத்திருந்தார்கள். ரப்பர் தளம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரப்பருக்குச் சத்தம் கிடையாது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அவர்களுடைய அரசு உயர்நிலைப் பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில், கெலவரப்பள்ளி அணைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கம்பெனியின் நீண்ட மதிலை ஒட்டி இருந்தது. மைதானம் முழுக்கச் சரளை. எந்த வகுப்பில் நுழைந்தாலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் கேட்கும். ரொம்ப காலத்துக்கு முன்னால் தொடரோட்டத்தில் ஓடி வந்தவள் பதற்றத்தில் தன் வீட்டுப் பாஷையில் கத்த, வாங்க வேண்டியவள் வேறு எதையோ நினைத்துத் திரும்ப, கோல் கீழே விழுந்துவிட்டதாம். அன்று பஸ்ஸில் நான்கு பேரும் நான்கு பாஷையில் சண்டை போட்டுக்கொண்டே வந்து, ஊர் வந்து சேரும்போது இனி யாரும் வாயையே திறப்பதில்லை என்று முடிவு செய்தார்களாம். அதிலிருந்து மற்ற பள்ளிகளைப் போலக் கூப்பிடுவதும் இல்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பின்னால் வருகிறவளின் காலடியைக் கேட்டே கிளம்ப வேண்டும், கையை நீட்ட வேண்டும். ஆறாம் வகுப்பில் சேருகிற பெண்களை முதலில் மதிலைப் பார்த்து உட்கார வைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஓடுவாள். ஓடியது யார் என்று சொல்ல வேண்டும். தொடரோட்டம் ஓடும்போது பள்ளி மொத்தமும் பேச்சை நிறுத்திவிடும். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டில் இருக்கும் காவலாளிகூடத் தன் ரேடியோவை அணைத்துவிடுவார். அந்த நேரத்தில் சரளையின் மேல் நான்கு பெண்களின் காலடி மட்டும் மைதானத்தைச் சுற்றி வரும்.

சுமலதா பிறந்ததிலிருந்து மாவட்டத் தொடரோட்டக் கேடயம் வேறு பள்ளிக்குப் போனதில்லை. தலைமையாசிரியர் அறைச் சுவரில் வருடத்துக்கொரு படம், படத்துக்கு நான்கு பெண்கள். இது அவளுடைய பத்தாம் வகுப்பு. நால்வரில் கடைசியாக ஓடுகிறவள் அவள். அவளிடம் கோலைக் கொண்டுவருகிறவள் இரம்.

இரமின் காலடியை அவள் தூக்கத்திலும் கண்டுபிடிப்பாள். வலது கால் சற்று அழுத்தி விழும். வளைவில் திரும்பும்போது அந்த அழுத்தம் இடது காலுக்கு மாறும். பிறகு இரண்டும் ஒன்றாகி, தகரக் கூரையில் மழை வலுப்பதுபோல நெருங்கி வரும். எங்கே கிளம்புவது என்பதை அவள் யோசித்ததே இல்லை. அந்தச் சத்தம் முதுகைத் தொட்டதும் கால்கள் தாமாகக் கிளம்பிவிடும். இரம் மைதானத்தின் அந்தப் பக்கம் ஓடுவதை அவள் பார்த்திருக்கிறாள், பக்கத்தில் சேர்ந்து ஓடியிருக்கிறாள். தன்னை நோக்கி ஓடி வரும் இரமை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்புமணி சாரும் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். உடற்கல்வி ஆசிரியராக வந்ததிலிருந்து இந்த வழக்கத்தில் அவர் கை வைத்ததில்லை.

"இன்னைக்கி ஒரு நாளைக்கி மட்டும் கூப்புட்டுருங்கம்மா. ஒண்ணும் கொறஞ்சிட மாட்டோம்."

முதல் இரண்டு ஓட்டக்காரிகளான ரேவதியும் மாதம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் கூப்புடறன் சார்" என்றாள் இரம். பிறகு சுமலதாவிடம், "கைன்னு சொல்லுவன். கைய நீட்டிடு" என்றாள்.

துப்பாக்கி வெடித்தது. சுமலதா வளைவின் முடிவில் தன் கோட்டுக்குள், ஓடி வருகிறவளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதல் கை மாறியது, இரண்டாவது மாறியது என்பதை அரங்கின் இரைச்சலிலிருந்துதான் ஊகிக்க முடிந்தது. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் வழக்கம்போல வாயை மூடி எழுந்து நின்றார்கள். அந்த இரைச்சலில் அவர்களுடைய மௌனம் ஒரு ஓட்டை மாதிரி இருந்தது. சுமலதா அந்த ஓட்டைக்குள் காதை வைத்துக் காத்திருந்தாள். காலடி இல்லை. குரலும் இல்லை. பக்கத்துக் கோட்டில் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றவள் சட்டென்று கிளம்பிப் போனாள். முதுகுக்குப் பின்னால் உலகமே இல்லாததுபோல இருந்தது.

சுமலதா திரும்பினாள்.

இரம் வந்துகொண்டிருந்தாள். வளைவிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. அது இரமின் முகம்போலவே இல்லை. எதையோ நினைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகத்துக்குக் கீழே உடம்பு மட்டும் பறந்து வந்தது. தலை சற்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கோல் பிடித்த கை முகத்தருகே ஏறி ஏறி இறங்கியது. கால் தரையில் பட்டதா என்று தெரிவதற்குள் அடுத்த கால் முன்னால் இருந்தது. இத்தனை வருடம் தன் முதுகுக்குப் பின்னால் நடந்தது இதுவா? மழை வரும் சத்தத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவள் முதல்முதலாக மழையைப் பார்த்ததுபோல சுமலதா நின்றாள். ஓட வேண்டும் என்பது மறந்தே போயிற்று. இரமின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கோல் அவள் வயிற்றில் இடித்த பிறகுதான் கையில் வாங்கினாள்.

அதற்கப்புறம் ஓடினாள். இருவரைத் தாண்டினாள். எல்லோருக்கும் முன்னால் போனவளின் தோள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கோடு வந்துவிட்டது.

திரும்பி வரும் வேனில் அன்புமணி சார் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். சூளகிரி தாண்டியது. புது ஸ்கூட்டர்களை அடுக்கிய கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே போயின. ரேவதி அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள். இரம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கூப்புடத்தான் பாத்தன்டி. வாய் தொறந்துச்சு. சத்தம் வர்ல."

"தெரியும். பாத்தன்."

"சரி, திரும்புன. அப்பயே ஓட வேண்டிதானே. ஏன் அப்டியே நின்ன?"

தலைமையாசிரியர் அறைச் சுவரில் இந்த வருடப் படத்துக்கு ஆணி அடிக்க மாட்டார்கள். அது சுமலதாவால்தான். சொல்ல வேண்டியது அதுதான் என்று தெரிந்தும் வாயில் வேறு ஏதோ நின்றது. எந்தப் பாஷையிலும் அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை.

"உன்னப் பாத்துட்டு நின்னுட்டன்" என்றாள் கடைசியில்.

மாதம்மாள் பின் சீட்டிலிருந்து, "நல்லா இருக்குதுடி. கேடயத்த விட்டுட்டு சினிமா பாத்தியாக்கும்" என்றாள்.

இரம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருட்டிய பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் எப்டிடி ஓடறன்?"

சுமலதா எழுந்தாள். ஓடும் வேனின் நடுவழியில், இரண்டு சீட்டுகளிலும் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டாள். தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்தாள். முகத்தை வெறுமையாக்கினாள். வலது கை ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு முகத்தருகே ஏறியது, இறங்கியது. மாதம்மாள் கேலியாக ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஓசூர் விளக்குகள் வரத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு விளக்கும் சுமலதாவின் மேல் விழுந்து நழுவிப் போனது. ஏறி இறங்கும் அந்தக் கையையும் சாய்ந்த அந்தத் தலையையும், ஜன்னலை விட்டுத் திரும்பிய இரம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.