மேலே போன பந்து

மேலே போன பந்து இன்னும் கீழே வரவில்லை, வேலாயுதம் இடது இடுப்பில் மகள் தேனுவை வைத்துக்கொண்டு வலது கையை மட்டும் உயர்த்தியபடி நிற்கிறான், சுற்றிலும் பார்வையாளர் வரிசையில் ஓஹாயோக்காரர்கள் தோல் கையுறையோடு எழுந்து நிற்கிறார்கள், வெயில் கண்ணில் குத்துகிறது, பந்து எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை, கோவில்பட்டிப் பொட்டலில் பத்து வருஷம் கிரிக்கெட் ஆடிய கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இது நடந்து மூன்று வாரம் ஆகிறது, ஆனாலும் பாத்திரம் கழுவும்போதும், தேனுவின் சாக்ஸில் காணாமல் போன ஒற்றையைத் தேடும்போதும் அவன் அங்கேதான் நிற்கிறான், முதல் முதலாகப் பிள்ளையைப் பேஸ்பால் பார்க்கக் கூட்டிப்போன அந்த ஞாயிற்றுக்கிழமையில், கோமதி இல்லாத இருபத்தாறாவது ஞாயிற்றுக்கிழமையில். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று மூன்று வாரத்துக்குச் சங்கரன்கோவில் போனவள், திரும்பி வர விசா முத்திரைக்காக அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள், உள்ளே போன பாஸ்போர்ட் போனதுதான், பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே வரியைத் தினமும் காலையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் அவன் பல் விளக்குகிறான். போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன், என்று பெரிய மனுஷன் மாதிரி அனுப்பி வைத்தவனும் அவன்தான். விமான நிலையத்தில் பிள்ளையின் கன்னத்தில் மூக்கை அழுத்தி, போயிட்டு வாரேன் தங்கம், என்றாள் கோமதி, நம் ஊரில் போறேன் என்று யார் சொல்வார்கள், ஒன்றரை வயதுத் தேனு அந்தச் சொல்லின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு, வாயேன், வாயேன், என்று கையை ஆட்டினாள், இன்றுவரை யார் எங்கே போனாலும் அவளுக்கு வாயேன்தான்.

அதன் பிறகு அம்மா போனுக்குள் குடியேறிவிட்டாள். போன் அடித்தால் அம்மா, அணைந்து கிடந்தாலும் அம்மா, சார்ஜரில் செருகினால் அம்மா மம்மு சாப்பிடுகிறாள், ஊறிய பிஸ்கட்டைக் கண்ணாடியில் அப்பி ஊட்டிவிட்டாள், அவனும் சிரித்தான், ஒருநாள் லிஃப்டில் யாரோ ஒருவர் கையிலிருந்த போனைக் காட்டி அம்மா என்றாளே, அன்றோடு சிரிப்பு நின்றது. அம்மா என்றால் ஒரு கறுப்புக் கண்ணாடி என்றே பிள்ளை முடிவு கட்டிவிட்டதா, அந்த அம்மாவுக்குக் கை இருந்தது, மடி இருந்தது, தேங்காயெண்ணெய் வாசம் இருந்தது, எல்லாம் மறந்துவிட்டதா. கோமதியிடம் அவன் வாய் திறக்கவில்லை, ஆனால் அவளே கேட்டாள், ஏங்க, என்னைய அவளுக்கு நெசமாவே தெரியுதா, இல்ல ஏதோ படம்னு நெனைக்காளா. தெரியாம என்ன, என்று பச்சைப் பொய்யாகச் சொன்னான். ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்ததுகூட அவள்தான், அங்கிருந்தபடியே, பிள்ளைக்கு ரெண்டு வயசாச்சு, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்காதீங்க, போயிப் பாத்துட்டு எனக்கும் போன்ல காட்டுங்க. உள்ளே நுழைந்ததும் தேனு பச்சைப் புல்லைப் பார்க்கவில்லை, சம்பளத்துக்கு ஆடுகிற அந்த ஆறடி ஆட்களைப் பார்க்கவில்லை, ஸ்கோர் காட்டும் ராட்சதத் திரையை அண்ணாந்து பார்த்து, அம்மா, என்றாள். ஆட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது அவனுக்கு.

பந்து வந்து உள்ளங்கையில் அறைகிறது, எரிகிறது, கூட்டம் கைதட்டுகிறது, அவன் ஒரு நொடிகூட யோசிக்காமல் அதை மைதானத்துக்கே திருப்பி வீசிவிட்டான், பந்து வந்தால் திருப்பிப் போடு, போடாதவனை ஊரில் மறுநாள் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ஸ்டாண்டே ஓவென்று கத்தியது, இங்கே பிடித்தவனுக்குத்தான் பந்து சொந்தமாம், கையுறையோடு பக்கத்தில் நின்ற பெரியவர் அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். தேனு, பந்து, பந்து, என்று அழுதாள், விஷயத்தைச் சொன்னதும் போனில் கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள், கையில வந்து விழுந்ததத் தூக்கிக் குடுத்துட்டீங்களாக்கும், உங்களுக்கு எதையாச்சும் வச்சுக்கிடத் தெரியுதா, என்றவள் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அழுகையை மாற்ற அவன் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தான், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அந்தா அடிச்சிட்டாரு, போயிட்டு வாராரு பாரு, ஒண்ணு, ரெண்டு, மூணு, சுத்திட்டு வீட்டுக்கு வந்துருவாரு. கிளம்பிய இடத்துக்கு இவர்கள் வீடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், வந்து சேர்ந்தால்தான் ஒரு ரன். ஓடுகிற ஒவ்வொருவனுக்கும் தேனு, வாயேன், என்று கையை ஆட்டினாள், பாதிப் பேர் வீடு வந்து சேரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளை மைதானத்தில் ஓடவிடுவார்களாம், அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஷெர்லி என்ற அம்மாள், பந்தைத் தொலைத்த பரிதாபத்துக்கு, அவர்களைத் தானே அழைத்துப் போனாள், போனை என்னிடம் கொடு, வீட்டில் நின்று நான் பிடித்துக்கொள்கிறேன், என்றாள். தேனு முதல் முனைவரை நல்லபடியாக ஓடினாள், இரண்டாவதில் உட்கார்ந்து மண்ணை அள்ளினாள், மூன்றாவதைத் தொட்டுத் திரும்பும்போது ஷெர்லி குனிந்து பிடித்திருந்த போனிலிருந்து, ஏட்டி தேனு, வா, அம்மாட்ட ஓடி வா, என்று குரல் கேட்டது, அங்கே நடுராத்திரி, தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருந்தாள் கோமதி. பிள்ளை ஓடினாள், பின்னால் வேலாயுதம் ஓடினான், பிள்ளை வீடு என்ற அந்த வெள்ளைப் பலகையில் ஏறி நின்றாள், இனி போனைப் பிடுங்கி எச்சில் பண்ணுவாள் என்று நினைத்தான், அவள் போனைத் தொடவில்லை, அந்த முகத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தி, தூக்கு, என்றாள்.

ஆறு மாதத்தில் ஒருநாளும் போனிடம் அவள் இதைக் கேட்டதில்லை, தூக்கு என்பது கை உள்ளவர்களிடம் கேட்பது, அப்படியானால் தெரிந்திருக்கிறது, எல்லாமே தெரிந்துதான் இருந்திருக்கிறது, அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, பிறகு வெறும் அழுகை வந்தது. கோமதி கைகளை நீட்டினாள், நீட்டிய கை அங்கே கேமராவை மறைத்து இங்கே திரை இருண்டது, அந்த இருட்டுக்குள்ளிருந்து, வாரேன்டி, வாரேன், என்று மட்டும் கேட்டது. நான் தூக்குதேன் வா, என்று அவன் குனிந்தான், தேனு கேட்டது அவனிடம் இல்லை, மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். தமிழ் தெரியாத ஷெர்லி போனை இறக்காமல் பிடித்துக்கொண்டே நிற்கிறாள், மற்றக் குழந்தைகள் போய்விட்டார்கள், புல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், இன்று காலையும் பரிசீலனையில் இருக்கிறது என்ற அதே வரிதான், மேலே போன இரண்டு சின்னக் கைகள் இன்னும் கீழே வரவில்லை.