முப்பத்தாறு பேரால் வரும் அபாயம்

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் தாண்டியும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில்தான் இருந்தது. சுற்றிலும் அத்தனை பெரிய தேசம். எந்தப் பக்கம் யார் புகுவார்களோ என்று எங்கள் எல்லைச் சாவடி அதிகாரிக்கு ராத்தூக்கமே கிடையாது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றி, வரக்கூடிய ஆபத்தை வாராவாரம் எழுதித் தருவது என் வேலை. பெயர் சவுரிராயன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உளவாளி.

ஆபத்தில்லாத வாரம் அவருக்குப் பிடிக்காது. "ஒண்ணுமில்லன்னு எழுதவா ஒனக்குச் சம்பளம்?" என்பார். அதனால் மார்கழியில் ஒருநாள் மண்டையை உடைத்துக்கொண்டு, 'திண்டிவனம் பக்கமிருந்து முப்பத்தாறு பேர் வெள்ளிக்கிழமை இரும்பு ஆயுதங்களோடு எல்லை தாண்டுவார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆள் கணக்கு சரி, நாளும் சரி. வருஷா வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வரும் கூலி ஆட்கள் அவர்கள். ஆயுதம் என்றது களைக்கொத்தை. என் தங்கை இருதயமேரியும் அவள் புருஷன் தேவசகாயமும் அந்தக் கூட்டத்தில் உண்டு. காகிதம் வழக்கம்போல் கட்டோடு கிடக்கும் என்று நினைத்தேன், மடையன்.

வியாழன் காலை சாவடியில் பன்னிரண்டு துப்பாக்கிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தாண்டினால் சுட உத்தரவு.

"முசே, அவங்க வெறும் கூலிக்காரங்க" என்று அதிகாரியிடம் ஓடினேன்.

"அப்ப நீ எழுதினது பொய்யா?"

பொய் எழுதிய உளவாளியை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

மேரி பயணத்துக்குக் கோணியை மடித்துக்கொண்டிருந்தாள். பத்துக் கூடை பிடுங்கினால் ஒரு கூடை கூலி. மூன்று மாதச் சாப்பாடே அதுதான்.

"போவாத மேரி. சுட்ருவாங்க."

"எங்கள எதுக்குண்ணா சுடணும்? நாங்க இன்னா பண்ணோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

தேவசகாயம் கையை ஓங்கினான். மேரி தடுக்கவில்லை. அவனே இறக்கிக்கொண்டான். "ஊட்ல ஒரு பிடி கேப்பை இல்ல மச்சான். புள்ளைங்களுக்கு இன்னாத்த குடுக்கறது?" என்றான். ஆனாலும் கூட்டத்தார் எல்லாரிடமும் போய்ச் சொன்னான். வெள்ளிக்கிழமை யாரும் போகவில்லை.

அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துப்பாக்கியைக் கண்டுதான் கூட்டம் பின்வாங்கியது, என் தகவல் சத்தியம் என்று முதுகில் தட்டினார். கையோடு ஓர் உத்தரவும் போட்டார்: இந்த அறுவடைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் உள்ளே வரக்கூடாது.

எட்டு நாள் கழித்து மேரி கைக்குழந்தையோடு சாவடிக்கே வந்து நின்றாள். சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

"எழுதறவன் நீதானே? நாங்க பட்டினி கெடக்கறோம், வேற ஒண்ணுமில்லன்னு எழுதேண்ணா."

எழுதினேன். என் ஆயுளில் நான் எழுதிய ஒரே யோக்கியமான அறிக்கை. முப்பத்தாறு பேரும் பசியில் வாடுகிறார்கள், பிள்ளைகள் சுருண்டு கிடக்கின்றன, அவர்கள் கேட்பது மல்லாட்டை மட்டும்தான்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பசியோட இருக்கறவங்களா? அவங்க எதுக்கும் துணிஞ்சிடுவாங்களேய்யா! இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்றவர், இன்னும் பன்னிரண்டு துப்பாக்கி கேட்டு அப்போதே ஆளனுப்பினார்.

மேரி வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை.