பத்து பேர் சுமந்த மாரடைப்பு

பெரியவருக்கு மாரடைப்பு வந்த காலையில் அந்த அறையில் இருந்தவர்கள்: அவருடைய தங்கை, தங்கையின் கணவரான மாப்பிள்ளை, நெட்டை, கண்ணாடி, தூங்குமூஞ்சி, வாத்தியார் என்று அழைக்கப்பட்ட நான்கு புரோகிராமர்கள், வரவேற்பு மேசைப் பெண், காவலாளி, மென்பொருளைப் பார்வையிட வந்த வங்கி அதிகாரி, ஏசி பழுது பார்க்க வந்த மெக்கானிக். பத்து பேரின் பெயரும் வருகைப் பதிவில் உள்ளது. பெரியவர் அன்று இறக்கவில்லை. அவருக்கு வந்த மரணம் பத்தாகப் பிரிந்து இவர்களிடம் போய்விட்டது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. அந்த நிறுவனம் செய்த தொழிலே அதுதான். ஒரு கணினியால் தாங்க முடியாத பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, சும்மா இருக்கும் பல கணினிகளுக்கு அனுப்பி, முடிந்ததும் ஒன்றுசேர்த்துத் தரும் மென்பொருளைப் பெரியவர் தன் கையால் எழுதியிருந்தார். அதை முதன்முதலாக ஓட்டிக் காட்டும்போது, விசைப்பலகையில் விரல் இருக்கையிலேயே நெஞ்சு அடைத்தது. மென்பொருள் அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டது. தங்கைக்கு இடது கைச் சுண்டுவிரலில் உணர்வு போயிற்று. மாப்பிள்ளைக்கு ஒரு கடைவாய்ப்பல் விழுந்தது. நெட்டை இரண்டு அங்குலம் குறைந்தார். கண்ணாடிக்குப் பவர் ஏறியது. தூங்குமூஞ்சிக்குத் தூக்கம் போனது. வாத்தியாருக்கு ஏழாம் வாய்ப்பாடு மறந்தது. வரவேற்புப் பெண்ணின் ஒரு புருவம் நரைத்தது. காவலாளிக்கு விசில் ஊத மூச்சில்லை. மெக்கானிக்குக்கு மோப்பம் போனது. வங்கி அதிகாரிக்குக் கோபம் வருவது நின்றுபோய், அவர் மனைவி நன்றிக் கடிதம் எழுதினார். பெரியவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மீதி விளக்கத்தை முடித்தார். ஒப்பந்தம் அன்றே கையெழுத்தாயிற்று.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் நிறுவனம் நன்றாக நடந்தது. ஒரு மாடி மூன்றாயிற்று. வானிலைக்காரர்களும் மருந்துக் கம்பெனிகளும் வரிசையில் நின்றார்கள். பிறகு, உலகத்துக் கணினிகளையெல்லாம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பெரிய நிறுவனங்கள் வந்தன. வாடிக்கையாளர்கள் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள். மூன்று மாடி மறுபடி ஒன்றாயிற்று. காலி நாற்காலிகளைத் துடைப்பது மட்டும் நிற்கவில்லை. அந்தக் குடும்பத்தில் தூசியோடு எதையும் விட்டு வைப்பதில்லை.

வேலையை விட்டுப் போகிறவர் மடிக்கணினி, அடையாள அட்டை, அலமாரிச் சாவி ஆகியவற்றோடு பெரியவரின் மரணத்தில் தன் பங்கையும் ஒப்படைக்க வேண்டும் என்பது நடைமுறை. நெட்டை போன மறுநாள் அவருக்கு இரண்டு அங்குலமும் திரும்பியது. தங்கையின் வலது பாதம் மரத்தது. கண்ணாடி போனார், தங்கைக்கு ஒரு காது மந்தமாயிற்று. வங்கி அதிகாரி ஓய்வு பெற்றபோது தன் பங்கை உறையில் வைத்து அனுப்பிவிட்டார். யார் விட்டாலும் அது தங்கை மேல்தான் விழுந்தது.

ஊழியரல்லாத மெக்கானிக்கிடம் தங்கையே போய்க் கேட்டார். "உங்க பங்கைக் குடுத்துடுங்க. வீட்டு விஷயம் வெளியாள்கிட்ட இருக்கக் கூடாது."

"அட, விடுங்கம்மா. எலி செத்த ஏசியெல்லாம் திறக்கறவன் நான். மோப்பம் இல்லாததுதான் எனக்கு வசதி" என்றார் மெக்கானிக். தங்கை விடவில்லை. அவர் மனமில்லாமல் கொடுத்தார். அன்றிலிருந்து தங்கைக்குச் சாப்பாட்டில் ருசியும் தெரியவில்லை.

இப்படி ஒன்பது பங்கு அவரிடம் சேர்ந்தது. மீதி ஒன்று மாப்பிள்ளையின் பல். அதுவும் வந்துவிட்டால் முழு மரணமும் தங்கையுடையதாகிவிடும். இது தெரிந்துதான் மாப்பிள்ளை, வேலையே இல்லாத அலுவலகத்துக்கு, ஓய்வு வயது கடந்து நான்கு ஆண்டுகள் தினமும் வந்து உட்கார்ந்தார். ஆனால் கட்டடக் குத்தகை ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அன்று மாலைக்குள் எல்லோரும் விடுவிக்கப்பட வேண்டும். எல்லோரும் என்றால் மாப்பிள்ளை ஒருவர்தான்.

"ஏம்மா, எல்லாம் உன் தலையிலயே வந்து விழுதே. ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?" என்றார் மாப்பிள்ளை.

"சொல்லி என்ன ஆகப்போவுது? அந்த டப்பாவை ஒட்டுங்க" என்றார் தங்கை.

பக்கத்து அறையில் பெரியவர் இதைக் கேட்டார். எழுபத்தெட்டு வயதில், இருபது ஆண்டுகளாகத் தொடாத பழைய நிரலைத் திறந்தார். முற்பகல் முழுவதும் படித்தார். நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு: காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் திரையில் தன் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் அன்றைய சுமை எவ்வளவு என்று எழுத வேண்டும். குறைவாக எழுதியவருக்கே அடுத்த வேலை போகும். மாப்பிள்ளை தினமும் நூறு என்று எழுதினார். முதுகுவலியையும் சேர்த்து எழுதியதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. தங்கை ஒருநாளும் எழுதவில்லை. முதலாளி வீட்டுப் பெண் தன் பாரத்தை நாலு பேர் பார்க்க எழுதி வைப்பது அழகல்ல என்று அவருக்கு அவர் அண்ணனே சொல்லி வளர்த்திருந்தார். எழுதாத கட்டத்தைச் சுமை இல்லாத கட்டம் என்று எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளை முதல் மாதத்தில் அவசரமாக எழுதியவரும் அந்த அண்ணன்தான்.

அவர் தங்கையை அழைத்தார். "நீ களைச்சுப் போயிருக்கியா?"

"இல்லண்ணா."

"நான் உன் அண்ணன்தான், கஸ்டமர் இல்ல. சொல்லு."

தங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "முடியலண்ணா" என்றார். அந்தக் குடும்பத்தில் அந்தச் சொல் அதற்குமுன் பேசப்பட்டதாகத் தெரியவில்லை.

"சரி, உட்காரு."

"அதைத் தொடாதீங்கண்ணா. இத்தனை வருஷமா நல்லா ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடிச்சு. நல்லாவா ஓடிச்சு?"

பெரியவர் ஒரு வரியை மாற்றினார். எழுதாத கட்டத்தை இனி நிரம்பிய கட்டம் என்று கொள்ள வேண்டும். பிறகு, இத்தனை ஆண்டுகளாகப் பட்டியலில் இல்லாத தன் பெயரைக் கடைசியில் சேர்த்து, அதற்கு எதிரே பூஜ்யம் என்று எழுதினார். அன்று அவருக்கு உண்மையில் வேறு வேலை எதுவும் இல்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தங்கை செருப்பைக் கழற்றி வலது பாதத்தைத் தரையில் வைத்து, தரை சில்லென்று இருப்பதாகச் சொன்னார். அடுத்த அறையில் மாப்பிள்ளை நாக்கால் கடைவாயைத் தடவிப் பார்த்தார்; பல் இருந்தது. பெரியவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்து, நாற்காலியில் சாய்ந்து, வந்த பத்தையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். அரைமணி நேரம் ஆயிற்று. மாலை ஐந்துக்குக் கட்டடச் சாவி ஒப்படைக்கப்பட்டது.

மென்பொருள் கோளாறால் பெரியவர் இறந்தார் என்று தொழில் வட்டாரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அன்று பிற்பகலில்தான் அந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டது.